பாரம் எங்கே அமர்கிறது: ஒரு பழைய எஸ்யூவியும் ஒரு புதிய பிக்கப்பும்

14 மாதங்களாக என் வாசலில் இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று 1996ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஏழு இருக்கை எஸ்யூவி. டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத பெரிய டீசல் என்ஜின், முன்னும் பின்னும் ஒரே இரும்பாக நீளும் அச்சு, நான்கு மூலைகளிலும் சுருள்வில், எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் அமைப்பு என்று அந்தக் காலத்து வண்டி. மற்றொன்று நான்கு கதவுக் கேபினும் அதன் பின்னால் ஒன்றரை மீட்டர் நீளத் திறந்த தொட்டியும் கொண்ட புதிய பிக்கப் டிரக். என் கைக்கு வந்த நாளில் அதன் மீட்டரில் 11 கிலோமீட்டர்தான் இருந்தது.

தேனீ வளர்ப்பது என் தொழில். பூக்கும் பருவத்தைப் பின்தொடர்ந்து பெட்டிகளை இடம் மாற்ற வேண்டியிருப்பதால் ஆண்டில் ஏறத்தாழ நாற்பது இரவுகள் நான் பாரத்தோடு வண்டி ஓட்டுகிறேன். தேன் நிறைந்த ஒரு பெட்டி 35 கிலோவுக்குக் குறையாது. மீதி நாட்களில் வண்டியில் அம்மா இருப்பார், அல்லது தம்பியின் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள், அல்லது நான் மட்டும் இருப்பேன். ஆகவே இரண்டு வண்டிகளையும் வெறுமையாகவும் நிறைபாரத்தோடும், நல்ல சாலையிலும் சேற்றிலும், பகலிலும் இரவிலும் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இரண்டையும் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியாது என்ற நிலை வந்தபோது, எதை விடுவது என்று முடிவெடுப்பதற்காக எழுதத் தொடங்கிய குறிப்புகளே இந்தப் பதிவாக வளர்ந்திருக்கின்றன.

என் வண்டிகள் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பதை எழுதப் போவதில்லை. ஒரே ஒரு வண்டியின் நோயை வைத்து அந்த மாடல் முழுவதற்கும் சான்றிதழ் எழுதுவது நியாயமன்று. வடிவமைப்பைப் பற்றி எல்லாரும் அறிந்த செய்திகளைச் சொல்லும்போது மட்டும் பெயர்களைக் குறிப்பிடுகிறேன்.

இந்த இரண்டு வகை வண்டிகளையும் ஒப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது குதிரைத் திறனைப் பற்றித்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் ஓட்ட ஓட்ட எனக்குப் புரிந்தது வேறு. வண்டியில் பாரம் எங்கே அமர்கிறது என்ற ஒரு கேள்விதான் அதன் வில், அதன் நீளம், அதன் பிரேக், வளைவில் அதன் நடத்தை, விபத்தில் உள்ளே இருப்பவர்களின் கதி ஆகிய அனைத்தையும் தீர்மானிக்கிறது. பழையது, புதியது என்ற வேறுபாடு அதற்குப் பின்னால்தான் வருகிறது.

400 கிலோ பாரத்தை ஏற்றினால் அது நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. இது எளிய நெம்புகோல் கணக்கு. என் எஸ்யூவியில் இரண்டாம் வரிசை இருக்கைகளை மடித்துவிட்டுப் பெட்டிகளை அடுக்கினால் அவற்றின் எடை மையம் பின் அச்சுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் முன்னால் விழுகிறது. இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 2.85 மீட்டர். 400ஐ 0.5ஆல் பெருக்கி 2.85ஆல் வகுத்தால் 70 கிலோ முன் அச்சுக்கும் மீதி 330 கிலோ பின் அச்சுக்கும் போவது தெரியும். பிக்கப்பில் நான்கு கதவுக் கேபின் இடத்தை எடுத்துக்கொள்வதால் தொட்டி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அதன் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. அச்சு இடைவெளி 3.15 மீட்டர். அதே 400 கிலோவை அங்கே வைத்தால் பின் அச்சில் 425 கிலோ ஏறுகிறது. முன் அச்சில் 25 கிலோ குறைகிறது. பாரம் ஏற்றிய பிறகு முன்சக்கரங்கள் முன்பைவிட இலேசாகிவிடுகின்றன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை நான் நம்பவில்லை.

இதன் விளைவுகளை ஓட்டும் கை உடனே உணர்கிறது. நிறைபாரத்தோடு இருக்கும் பிக்கப்பின் ஸ்டீயரிங் நெடுஞ்சாலை வேகத்தில் மிதப்பதுபோல் ஆகிறது. வண்டியின் மூக்கு உயர்வதால் முகப்பு விளக்குகள் சாலையை விட்டு எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகின்றன. டாஷ்போர்டில் விளக்கின் உயரத்தைத் தாழ்த்தும் சிறிய சக்கரம் ஒன்று இருக்கிறது. பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இரவில் பாரம் ஏற்றி ஓட்டுகிறவர்கள் புறப்படும் முன் அதைத் திருப்பிவிட்டுக் கிளம்புவது எதிரே வருபவருக்குச் செய்யும் கடமை. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் டயர் காற்றழுத்த அட்டவணையும் அப்படித்தான்; வெறும் வண்டிக்கு ஓர் அளவும் நிறைபாரத்துக்கு வேறோர் அளவும் அதில் இருக்கும், பின் டயருக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிக்கப்பில் மிக அதிகம்.

பாரம் பின் அச்சின் மேல் அமர்வதால்தான் பெரும்பாலான பிக்கப்களில் இன்றும் பின்னால் கமான் பட்டை எனப்படும் லீஃப் ஸ்பிரிங் இருக்கிறது. குதிரை வண்டிக் காலத்திலிருந்து வரும் பொருள் என்பதால் அதைப் பழமை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே பட்டைக் கட்டு வில்லாகவும் வேலை செய்கிறது, அச்சை அதன் இடத்தில் பிடித்துவைக்கும் கரமாகவும் வேலை செய்கிறது. எடையை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் ஓரிடத்தில் குத்தாமல் முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் பகிர்ந்து கொடுக்கிறது. பாரம் கூடும்போது அடிப்பட்டையும் சேர்ந்து தாங்குகிறது. சுருள்வில்லுக்கு எடையைத் தாங்க மட்டுமே தெரியும். அச்சைப் பிடித்துவைக்கத் தனியாகக் கரங்களும் குறுக்குத் தண்டும் வேண்டும். ஆனால் அது மெல்லிய அதிர்வுகளை விழுங்குவதில் நிகரற்றது. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் கனமான அச்சுகளின் மேல் நீண்ட சுருள்வில்களை வைத்து, காட்டுப் பாதையிலும் காரைப்போலப் பயணிக்க முடியும் என்று காட்டியது. அதன் வழியில் வந்த தலைமுறையைச் சேர்ந்ததுதான் என் எஸ்யூவி. பிக்கப்பிலும் சுருள்வில்லை முயன்றவர்கள் இருக்கிறார்கள்: 2009 மாடல் ராம் 1500 அதைப் பின்னால் வைத்தது, 2014இல் அறிமுகமான தலைமுறை நிசான் நவாராவின் இரட்டைக் கேபின் வடிவம் பல நாடுகளில் அதே வழியில் போனது.

இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமென்றால் டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப்பையும் ஃபார்ச்சூனர் எஸ்யூவியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே குடும்பத்து சேசிஸின் மேல் கட்டப்பட்டவை. 2015இல் வந்த தலைமுறையில் ஹைலக்ஸின் அச்சு இடைவெளி 3,085 மில்லிமீட்டர். ஃபார்ச்சூனருடையது 2,745 மில்லிமீட்டர். பிக்கப்புக்குப் பின்னால் பட்டை, எஸ்யூவிக்குச் சுருள். ஒரே பொறியாளர் கூட்டம் ஒரே அடித்தளத்தை எடுத்துக்கொண்டு, பாரம் அமரும் இடம் மாறியதற்காக நீளத்தையும் வில்லையும் மாற்றியிருக்கிறது.

வெறுமையாக இருக்கும்போது என் பிக்கப் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்டில் முந்நூறு நாட்களுக்கு மேல் அது வெறுமையாகத்தான் ஓடுகிறது. ஆயிரம் கிலோ தாங்கத் தயாராக இருக்கும் வில்லின் மேல் ஒன்றுமே இல்லாதபோது சிறு மேட்டிலும் பின்புறம் எகிறிக் குதிக்கிறது. பின் இருக்கையில் அமர்ந்தவர்களுக்கு இடுப்பு நோகிறது. அதைவிட முக்கியமானது ஈரச் சாலை. இந்த வகை நான்கு சக்கர அமைப்பில் இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு அவற்றின் நடுவே கிடையாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும் என்பதால், பிடிப்புள்ள தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டினால் விசைத்தண்டுகள் முறுக்கிக்கொண்டு வண்டி திரும்ப மறுக்கும். எனவே சாதாரண நாட்களில் அது பின்சக்கரங்களால் மட்டுமே ஓடுகிறது. விசை கிடைப்பது பின்சக்கரங்களுக்கு. எடை இருப்பதோ முன்சக்கரங்களின் மேல்.

வாங்கிய இரண்டாம் மாதத்தில், முதல் மழை சாலையில் எண்ணெய்ப் பிசுக்கைக் கிளப்பிவிட்ட ஒரு மாலையில், வட்டச் சந்திப்பு ஒன்றிலிருந்து வெளியேறும்போது நான் சற்றே அதிகமாக முடுக்கியதும் பின்புறம் விலகியது. நான் ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிப்பதற்குள் ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் துடித்து, என்ஜின் விசை குறைந்து, வண்டி தன் தடத்துக்கு வந்துவிட்டது. அதே இடத்தில் அதே தவறை எஸ்யூவியில் செய்திருந்தால் அது முதலில் விலகியே இருக்காது, ஏனென்றால் விசை நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து போயிருக்கும். ஆனால் அது ஒருமுறை விலகிவிட்டால் காப்பாற்ற என் கைகளைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களில் எது கனமானது என்று பல நாட்கள் யோசித்தேன்.

அன்று என்னைக் காப்பாற்றியது மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. 1995இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் வண்டியில் முதலில் விற்பனைக்கு வந்த இந்த ஏற்பாடு, அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டு முதல் எல்லா இலகு ரக வண்டிகளுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் இலகு சரக்கு வண்டிகளுக்கும் கட்டாயமானது. வேறெந்த வண்டியும் மோதாமல் ஒரு வண்டி தானே நிலைதவறி நடக்கும் உயிர்ப்பலி விபத்துகளின் அபாயத்தை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் கண்டறிந்தது. உயரமான வண்டிகளுக்கு இதன் பயன் இன்னும் கூடுதல். ஒரு வண்டி கவிழ்வது எவ்வளவு எளிது என்பதைக் கணிக்க, இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுக்கிறார்கள். தாழ்வான கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை வரும். எஸ்யூவிகளுக்கும் பிக்கப்களுக்கும் இதைவிடக் குறைவு. சக்கர இடைவெளி 1.5 மீட்டர், எடை மையம் 70 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 1.07தான். பழைய எஸ்யூவியின் கூரைக் கேரியரில் நான் ஒரு காலத்தில் காலிப் பெட்டிகளைக் கட்டி எடுத்துப் போனதை நினைத்தால் இப்போது மனம் பதறுகிறது. கூரையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அந்த எண்ணைக் கீழே இழுக்கிறது.

என்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதில் புதியது வென்றுவிட்டது. 1990இல் சந்தைக்கு வந்த டொயோட்டாவின் பெரிய எஸ்யூவியான லேண்ட் குரூசர் 80 வரிசையின் டர்போ இல்லாத 4.2 லிட்டர் டீசல் 300 நியூட்டன் மீட்டருக்கும் குறைவான முறுக்குவிசையைத் தந்தது. 2020இல் மேம்படுத்தப்பட்ட ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் ஆட்டோமேட்டிக் கியரோடு 500 தருகிறது. ஃபோர்ட் ரேஞ்சரில் இரட்டை டர்போ வைத்த வெறும் 2 லிட்டர் என்ஜின் அதே 500ஐத் தருகிறது. டர்போவும், காற்றைக் குளிரவைத்து அனுப்பும் இன்டர்கூலரும், மிகுந்த அழுத்தத்தில் டீசலைப் பொடிப்பொடியாகத் தெளிக்கும் காமன் ரயில் முறையும் சேர்ந்து செய்த வேலை இது. மலையேற்றத்தில் எஸ்யூவி மூன்றாம் கியரில் முனகிக்கொண்டு போகும் இடத்தைப் பிக்கப் பேச்சுக் குரல் மாறாமல் கடக்கிறது. மெதுவாக ஊர்ந்து போக வேண்டிய கரடுமுரடான பாதையில் மட்டும் பழைய என்ஜினின் குணம் எனக்குப் பிடிக்கிறது. ஆக்சிலேட்டரைத் தொட்ட அளவுக்கு, தொட்ட கணத்தில் விசை வரும். டர்போ காற்றைச் சேர்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பின்னால் இழுவண்டி கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு பத்தி. புதிய பிக்கப்களின் விளம்பரங்களில் 3,500 கிலோ இழுக்கும் என்ற எண் பெரிதாக இருக்கும். அதன் கூடவே படிக்க வேண்டிய எண், வண்டியும் இழுவண்டியும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்ற வரம்பு. ஓர் எடுத்துக்காட்டுக்கு அந்த மொத்த வரம்பு 6,000 கிலோ என்று கொள்வோம். 3,500 கிலோ இழுவண்டியைக் கட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது 2,500. வெறும் வண்டியே 2,200 கிலோ இருந்தால், ஆட்கள், எரிபொருள், கருவிகள், தொட்டியில் உள்ள பொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மீதி 300 கிலோதான். நான்கு பெரியவர்கள் ஏறினால் கணக்கு முடிந்தது. மேலும் இழுவண்டியின் கொக்கி பின் அச்சுக்கு வெகு பின்னால் இருப்பதால் அங்கே அழுத்தும் எடை நெம்புகோலாகப் பெருகுகிறது. அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 100 கிலோ அழுத்தினால் என் பிக்கப்பின் பின் அச்சில் 138 கிலோ ஏறும். முன் அச்சிலிருந்து 38 கிலோ கழியும். தொட்டியிலும் பாரம், கொக்கியிலும் பாரம் என்று மேடு பள்ளத்தில் வேகமாகப் போன பிக்கப்களின் சேசிஸ் கேபினுக்கும் தொட்டிக்கும் இடையே வளைந்து போவதற்கு இதுதான் காரணம்.

இப்போது என் முடிவைத் தீர்மானித்த பகுதிக்கு வருகிறேன். எஸ்யூவியில் பாரம் அச்சுகளுக்கு நடுவே அமர்வது ஓட்டத்துக்கு நல்லது என்பதை மேலே போட்ட கணக்கு காட்டுகிறது. ஆனால் அதே பாரம் மனிதர்களோடு ஒரே அறையில் அமர்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன்மீதோ மோதி, அதன் முகப்பு 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் உள்ளே உள்ள ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல 16 மடங்கு விசையோடு முன்னோக்கித் தள்ளும். 35 கிலோ தேன்பெட்டி அப்போது அரை டன்னுக்கும் மேற்பட்ட விசையோடு என் முதுகுக்கு வரும். பதினொரு ஆண்டுகள் நான் எட்டுப் பெட்டிகளை வெறும் கயிற்றால் கட்டி என் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இரவுச் சாலைகளில் ஓட்டினேன். பொருள் தடுப்பு வலை பொருத்த வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

தேனீக்களும் எனக்கு ஒருமுறை எச்சரிக்கை தந்தன. மாலை கவிந்து எல்லா ஈக்களும் கூடு திரும்பிய பிறகு வாசலை வலையால் அடைத்துப் பெட்டிகளை ஏற்றுவது வழக்கம். அடைத்துவைத்த கூட்டம் பதற்றத்தில் சூட்டைக் கிளப்பும். காற்றோட்டம் இல்லாவிட்டால் மெழுகு அடைகள் இளகிச் சரிந்து கூட்டமே மூழ்கிப் போகும். மூடிய எஸ்யூவிக்குள் அதைத் தடுக்கக் கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். அப்படி ஓர் இரவில் ஒரு பெட்டியின் வலை நழுவி, சாலையின் நடுவே கேபின் முழுவதும் தேனீக்கள் நிறைந்தன. வண்டியை ஓரம் கட்டி, எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, பாதுகாப்பு உடையைத் தேடி எடுத்து அணிந்து பெட்டியை மூடுவதற்குள் இருபதுக்கு மேற்பட்ட கொட்டுகள். அம்மா அன்று உடன் வருவதாக இருந்து கடைசி நேரத்தில் வராமல் போனார். பிக்கப் வாங்கும் எண்ணம் அன்றிரவுதான் உறுதியானது. இப்போது பதினாறு பெட்டிகள் திறந்த தொட்டியில் காற்றோட்டமாகப் போகின்றன. அவற்றுக்கும் எனக்கும் இடையே இரும்புச் சுவர் இருக்கிறது. ஒரு வலை நழுவினாலும் அது வண்டி நின்ற பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையாகவே இருக்கும்.

தொட்டியிலும் குறைகள் உண்டு. அதன் விளிம்பு உயரம். ஒரு பெட்டியை இடுப்புக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும். தொட்டியின் தரை நீளமாகத் தெரிந்தாலும் சக்கர வளைவுகள் இரண்டும் உள்ளே துருத்தி நிற்பதால் அகலம் குறைந்துவிடுகிறது. மழையில் நனையும், பூட்டி வைக்க முடியாது. தொட்டியின் மேல் மூடி பொருத்தலாம், ஆனால் அந்த மூடியின் எடையும் ஏற்றக்கூடிய பாரத்திலிருந்துதான் கழிக்கப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாரத்தைக் கட்டும்போது கனமானவற்றைக் கேபின் சுவரை ஒட்டி, அதாவது அச்சுக்கு முன்னால் வரும்படி வைப்பது என் பழக்கமாகிவிட்டது. வெறும் 40 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி வைத்தாலே ஸ்டீயரிங்கின் மிதப்பு நின்றுவிடுகிறது.

பழுதுபார்ப்பில் பழையதன் பக்கம் நியாயம் இருக்கிறது. எஸ்யூவியின் டீசல் பம்ப் முற்றிலும் இயந்திரப் பொறி, கம்ப்யூட்டர் கிடையாது. என் மெக்கானிக் பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடுவார். நானே பெல்ட் மாற்றியிருக்கிறேன், வீல் பேரிங்குக்கு கிரீஸ் வைத்திருக்கிறேன். ஆனால் முப்பது ஆண்டு இரும்பு முப்பது ஆண்டு இரும்புதான். பெட்டி வடிவச் சேசிஸின் உட்புறத்தில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ரப்பர் புஷ்களும் குழாய்களும் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. ஓர் உதிரிக்காக வண்டி மூன்று வாரம் நின்றதும் உண்டு.

பிக்கப்பிலோ நோய் வேறு விதம். என் தேனீப் பண்ணைகள் நான்கைந்து கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பதால் நாள் முழுவதும் சிறுசிறு பயணங்கள்தான். டீசல் புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, தன்னில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். குறுகிய பயணங்களில் அந்தச் சூடு வருவதே இல்லை. ஐந்தாம் மாதத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, விசை குறைந்து, வண்டியைப் பணிமனைக்குக் கொண்டு போக வேண்டியதாயிற்று. எரிக்கும் முயற்சி பாதியில் பாதியில் நின்றுபோனதால் கூடுதலாகத் தெளிக்கப்பட்ட டீசல் என்ஜின் ஆயிலோடு கலந்து ஆயிலின் மட்டமே உயர்ந்திருந்தது. வாங்கும்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வருகிறேன். ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு கூடியிருக்கிறதா என்றும் பார்க்கிறேன். நாள்தோறும் குறுகிய தூரம் மட்டுமே ஓட்டுகிறவர்கள் புதிய டீசல் பிக்கப்பை வாங்கும் முன் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

அம்மாவுக்குப் பிடித்தது எஸ்யூவிதான். அதன் இரண்டாம் வரிசையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கால் நீட்டி உட்காரலாம். பிக்கப்பின் பின் இருக்கைக்குப் பின்னால் உடனே கேபின் சுவர் இருப்பதால் முதுகுச் சாய்வு நேராக நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரால் அமர முடிவதில்லை. முன் இருக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டேன். ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி பொருத்திய பிறகு அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது.

பிக்கப்பை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். எஸ்யூவியில் இரண்டு காற்றுப்பைகள்கூட இல்லை. பிக்கப்பில் பக்கத் திரைப்பைகள் உட்பட ஏழு இருக்கின்றன. முன்னால் எதன்மீதாவது மோதும் நிலை வந்தால் தானே பிரேக் பிடிக்கிறது. பிள்ளைகளின் இருக்கையை இறுகப் பூட்டக் கொக்கிகள் இருக்கின்றன. ஓட்டுவதில் எனக்குக் கிடைக்கும் இன்பத்தைக் கேட்டால் என் விரல் இன்றும் எஸ்யூவியைத்தான் காட்டும். இரவில் என்னோடு வருகிறவர்களின் உயிரைக் கேட்டால் பதில் வேறு.

எஸ்யூவியைத் தம்பி கேட்டான். அவன் போகும் பாதை கரடுமுரடானது. பாரம் என்று பெரிதாக எதுவும் ஏற்றுவதில்லை. சேறும் ஓடையும் கடக்க அந்த நான்கு சக்கர விசை அவனுக்கு உண்மையாகவே பயன்படும். கொடுக்கச் சம்மதித்தேன். அதற்கு முன் கூரைக் கேரியரைக் கழற்றி எடுத்துவிட்டேன். இரண்டாம் வரிசைக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு வலையைப் பொருத்தினேன். கடைசி வரிசையில் பக்கவாட்டாகப் பார்த்தபடி இருக்கும் இரண்டு மடிப்பு இருக்கைகள் இருந்தன. அவற்றில் இடுப்புப் பட்டை மட்டும்தான். தோளைக் குறுக்கே பிடிக்கும் பட்டை கிடையாது, தலைக்குத் தாங்கலும் கிடையாது. தம்பியின் பிள்ளைகள் இருவரும் அங்கே உட்கார்ந்து வருவதைத்தான் எப்போதும் விரும்புவார்கள். சென்ற ஞாயிறு காலையில், துருப்பிடித்து இறுகிப்போயிருந்த எட்டு போல்ட்டுகளுக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மாலைக்குள் இரண்டு இருக்கைகளையும் கழற்றி எடுத்துவிட்டேன்.